பழைய பெயிண்டைச் சுரண்டுமுன்



நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். கடைசியில் சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதை மட்டும் தவறவிட வேண்டாம்.

போன மாதம் மகள் போட்ட படத்தைப் பார்த்து, "சார், ஹிஸ்டரி வாத்தியார் எப்போ மெக்கானிக் ஆனீங்க?" என்று பத்துப் பதினைந்து பேர் கேட்டிருந்தீர்கள். கையில் ஸ்பேனர், சட்டையெல்லாம் கிரீஸ், பக்கத்தில் பிரித்துப் போட்ட ஒரு சின்ன மஞ்சள் வண்டி. அது குழந்தைகள் விளையாட்டு வண்டியா என்றுகூட ஒருவர் கேட்டார். இல்லை. அது கப் கேடட் என்ற கார்டன் டிராக்டர். 1960-களின் தொடக்கத்தில் செய்தது. இங்கே விஸ்கான்சினில் மகள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருக்கும் பெரியவர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர், இப்படிப்பட்ட பழைய வண்டிகளை வாங்கி ஓடவைப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறார். நான் அவருக்கு எடுபிடி. அவ்வளவுதான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் கொங்குப் பக்கத்தில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம். நான்கு ஏக்கரும் தோட்டம்தான், பதினைந்து ஏக்கரும் தோட்டம்தான். இங்கே கார்டன் என்பது வீட்டைச் சுற்றியுள்ள இடம். அரை ஏக்கர், ஓர் ஏக்கர், மிஞ்சினால் இரண்டு ஏக்கர். அதில் புல் வெட்ட, காய்கறிப் பாத்திக்கு உழ, குளிர்காலத்தில் வாசல் பனியைத் தள்ள ஒரு குட்டி டிராக்டர். புல்லை மட்டும் வெட்டும் வண்டிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இதன் பின் அச்சும் கியர் பெட்டியும் கலப்பையை இழுக்கும் பலத்தோடு செய்யப்பட்டவை.

இதன் கதை ஒரு போட்டோகிராபரிடம் தொடங்குகிறது. மேற்கு வர்ஜீனியாவில் டன்பார் என்ற ஊர்ப் பக்கம் பெஞ்சமின் கிரேவ்லி என்று ஒருவர் இருந்தார். தொழில் படம் எடுப்பது. வீட்டுத் தோட்டத்தில் மண் கிளற ஆள் கிடைக்காமல், பழைய இந்தியன் மோட்டார் சைக்கிளின் பாகங்களை வைத்து ஒரே சக்கரம் உள்ள மோட்டார் கலப்பை ஒன்றைச் செய்தார். 1916-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1922-இல் கம்பெனியே தொடங்கிவிட்டார். பின்னால் நடந்துகொண்டே கைப்பிடியைப் பிடித்து ஓட்ட வேண்டும். ஏர் பிடிப்பது போலத்தான், முன்னால் மாடு மட்டும் இல்லை.

இன்னொரு பக்கம் விஸ்கான்சின். மில்வாக்கிக்கு வடக்கே ஏரிக்கரையில் போர்ட் வாஷிங்டன் என்று ஒரு சின்ன ஊர். அந்த ஓர் ஊரிலேயே போலன்ஸ், ஸிம்ப்ளிசிட்டி என்று இரண்டு கார்டன் டிராக்டர் ஆலைகள் இருந்தன. மில்வாக்கியில் 1908-இல் தொடங்கிய பிரிக்ஸ் அண்டு ஸ்டிராட்டன் சின்ன எஞ்சின்களைச் செய்தது. கோலர் என்ற ஊரில், இன்று நாம் குளியலறைக் குழாயில் பார்க்கும் அதே கோலர் கம்பெனி, வார்ப்பிரும்பு எஞ்சின்களைச் செய்தது. மேற்கே ஹாரிகனில் ஜான் டீர் ஆலை. எல்லாம் மகள் வீட்டைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்குள். கோயமுத்தூரைச் சுற்றி பம்பும் மோட்டாரும் செய்யும் பட்டறைகள் வளர்ந்ததைப் பார்த்த நமக்கு இது புரியும். வார்ப்படச் சாலை ஒன்று வந்தால் கடைசல் பட்டறை வரும், கடைசல் வந்தால் அடுத்தவன் இன்னொரு பொருள் செய்ய ஆரம்பிப்பான்.

ஆனால் இந்த வண்டி லட்சக்கணக்கில் விற்கக் காரணம் பட்டறைகள் அல்ல. ஊர் மாறியதுதான் காரணம். 1935-இல் அமெரிக்காவில் சுமார் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 1959-இல் அது சுமார் 37 லட்சம். பண்ணையை விட்டவர்கள் எங்கே போனார்கள்? ஆலைக்கும் ஆபீசுக்கும். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு 1944-இல் வந்த சட்டம் வீட்டுக் கடனுக்கு வழி செய்தது. நகரத்துக்கு வெளியே வரிசை வரிசையாகப் புது வீடுகள் எழுந்தன. நியூயார்க் பக்கத்தில் 1947-இல் தொடங்கிய லெவிட்டவுன் என்ற ஒரே குடியிருப்பில் 17,000-க்கு மேல் வீடுகள். இந்தப் புறநகர்க்காரர்களில் பலர் ஒரு தலைமுறைக்கு முன்னால் உழவர்கள். கொஞ்சம் மண் கிடைத்ததும் கை சும்மா இருக்குமா?

1946-இல் இண்டியானா மாநிலம் சவுத் பெண்டில் எல்மர் பாண்டும் மகன் சீசிலும் சின்ன டிராக்டர் செய்ய ஆரம்பித்தார்கள். வீல் ஹார்ஸ் என்று பெயர். பல குதிரை பூட்டிய வண்டியில் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று பாரம் முழுவதையும் தாங்கும் குதிரைக்கு அந்தப் பெயர். உழைப்பாளி என்று அர்த்தம். மாடு போய் எஞ்சின் வந்த பிறகும் பெயரில் குதிரை இருந்தது. இன்றும் நாம் எஞ்சினின் பலத்தைக் குதிரையில்தானே சொல்கிறோம்.

பெரிய கம்பெனிகள் தாமதமாகத்தான் விழித்தன. இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் அன்று அமெரிக்க விவசாயக் கருவிகளில் முன்னணிப் பெயர். போர் முடிந்ததும் கெண்டக்கி மாநிலம் லூயிவில்லில் விமானம் செய்த ஆலையை வாங்கி, அங்கே ஃபார்மால் கப் என்ற சிறிய டிராக்டரை 1947-இல் கொண்டுவந்தது. சிறு விவசாயிக்கானது. அது மொத்தம் இரண்டு லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் சிறு விவசாயியே குறைந்துகொண்டு போனான். அதே ஆலை, 1961-ஆம் ஆண்டு மாடலாக, புறநகர் வீட்டுக்காரனுக்கு ஒரு வண்டியைச் செய்தது. கப் கேடட். கோலரின் 7 குதிரைத்திறன் எஞ்சின், ஒரே சிலிண்டர். பின்னால் உள்ள கியர் பெட்டிக்குள் பெரியண்ணன் ஃபார்மால் கப்பின் பாகங்கள். மூன்றே ஆண்டில் சுமார் 65,000 வண்டிகள். 1963-இல் ஜான் டீரும் 110 என்ற வண்டியோடு களத்தில் இறங்கியது. (அதே காலத்தில், 1960-இல், சென்னையில் டாஃபே தொடங்கியது. நம் ஊரில் உழவனுக்கு டிராக்டர் வர ஆரம்பித்தபோது, இங்கே உழவு விட்டவனுக்கு டிராக்டர் வந்துகொண்டிருந்தது.)

1969-இல் ஜான் டீர் ஒரு வேடிக்கை செய்தது. பச்சையும் மஞ்சளும்தான் அதன் நிறம். அதை விட்டுவிட்டு, வெள்ளை வண்டியில் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, நீலம் என்று முன்மூடியும் சீட்டும் வைத்து விற்றது. வீட்டு நிறத்துக்குப் பொருத்தமாக டிராக்டர்! அது ரொம்ப நாள் நிற்கவில்லை. பிடிக்காமல் வாங்கிய பலர் பின்னால் பச்சை அடித்துவிட்டார்கள் என்று பெரியவர் சொல்வார். இன்று அந்த நிற வண்டிகளுக்குத்தான் அலைகிறார்கள். இந்த விஷயத்தை நினைவில் வையுங்கள். பிறகு வருகிறேன்.

முடிவு எப்படி வந்தது? 1979 நவம்பரில் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டரில் வேலைநிறுத்தம். ஏறக்குறைய ஆறு மாதம் நடந்தது. அதோடு வட்டி உயர்வு, விவசாய நெருக்கடி. 1981-இல் கப் கேடட் பிரிவை விற்றார்கள். 1985-இல் விவசாயக் கருவிப் பிரிவே கைமாறியது. 1986-இல் மிச்சம் இருந்த லாரிக் கம்பெனி பெயரையே நேவிஸ்டார் என்று மாற்றிக்கொண்டது. அதே 1986-இல் வீல் ஹார்ஸை டோரோ வாங்கியது. போர்ட் வாஷிங்டனில் இன்று அந்த இரண்டு ஆலைகளும் இல்லை. பெயர்ப்பலகைகள் சில இன்னும் கடைகளில் தொங்குகின்றன. உள்ளே இருக்கும் வண்டி வேறு.

சரி, அறுபது வருட வண்டி எப்படி இன்னும் ஓடுகிறது? அது பிரிக்கிற மாதிரி செய்யப்பட்டது. சிலிண்டர் வார்ப்பிரும்பு. தேய்ந்தால் கடைந்து, பெரிய பிஸ்டன் போடலாம். பேரிங், ஆயில் சீல் எல்லாம் பொது அளவு, நம்பரைச் சொன்னால் கடையில் கிடைக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் படம் உண்டு. வாங்கியவன் கையில் ஸ்பேனர் இருக்கும் என்று நம்பிச் செய்த வண்டி இது.

நாங்கள் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பண்ணை ஏலம் ஒன்றில் பெரியவர் வாங்கி வந்தபோது எஞ்சின் இறுகிப்போயிருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றிவிட்டு, பதினோரு நாள் சும்மா விட்டார். எனக்குக் கை துறுதுறுத்தது. "இரும்புக்கு அவசரம் தெரியாது" என்றார். பன்னிரண்டாம் நாள் ஃப்ளைவீலைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினோம். ஒரு நூல் அளவு அசைந்தது. மாலைக்குள் ஒரு முழுச் சுற்று.

அடுத்தது நெருப்பு. பிளக்கில் பொறி வர, பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச் சரியான நேரத்தில் திறக்க வேண்டும். இந்த எஞ்சினுக்கு இடைவெளி அரை மில்லிமீட்டர். பழைய டிவிஎஸ் 50, ஜாவா ஓட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். பிறகு கார்புரேட்டர். பழைய பெட்ரோல் உள்ளே வார்னிஷ் மாதிரி காய்ந்திருந்தது. இங்கே பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். அது தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். நம் ஊரில் இப்போது 20 சதவீதம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள்.

இயற்பியல் பிடித்தவர்களுக்கு ஒன்று. இந்த வண்டியில் எஞ்சினைச் சுழற்றித் தொடங்கும் ஸ்டார்ட்டரும், பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஜெனரேட்டரும் ஒரே சாதனம். ஜெனரேட்டர் வேலை செய்ய அதன் இரும்புக்குள் கொஞ்சம் மீதக் காந்தம் தங்கியிருக்க வேண்டும். பல வருடம் கிடந்தால் அது போய்விடும். அப்போது சுழன்றாலும் மின்சாரம் வராது. பாட்டரியிலிருந்து ஒரு கம்பியால் ஒரு நொடி தொட்டுக்காட்டினால் போதும், காந்தம் திரும்பி வந்துவிடும். ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்த வைத்தியம் பொருந்தும் என்று என் அனுபவம்.

எஞ்சின் ஓடியது. அதன் பிறகுதான் வீட்டுக்குள் வழக்கு.

மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, இவ்வளவு உழைச்சாச்சு. பாடியைக் கழட்டி மணல் வீசிச் சுத்தம் பண்ணி, புது மஞ்சள் பெயிண்ட் அடிச்சா ஷோரூம் வண்டி மாதிரி இருக்கும்." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. துரு தின்றுகொண்டே இருக்கும். கண்காட்சியில் பளபளப்பாக நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் எனக்கும் மனம் குளிர்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களில் பாதிப்பேர் அவர் கட்சிதான்.

பெரியவர் மறு கட்சி. உழைத்த உடுப்போடு இருக்கட்டும் என்பார். துருவை நிறுத்து, எண்ணெய் தடவு, உள்ளே உள்ள வேலையெல்லாம் ஒழுங்காகச் செய், வெளியே கை வைக்காதே.

நான் முப்பத்தோரு வருடம் உங்களுக்கு மூல ஆதாரம், துணை ஆதாரம் என்று போதித்தவன். எனக்கு இதில் ஒரு பக்கம்தான் நிற்க முடியும். ஏன் என்று சொல்கிறேன்.

இந்தக் கம்பெனி வார்த்த இரும்புத் துண்டுகளில் வார்த்த மாதம், நாள், வருடத்துக்கு ஓர் எழுத்து என்று சின்னதாகப் பதித்திருக்கும். எழுத்துக்கு எந்த வருடம் என்று தெரிந்தால் தேதியைப் படித்துவிடலாம். கல்வெட்டில் "யாண்டு ஏழாவது" என்று ஆட்சியாண்டு மட்டும் இருக்கும், எந்த மன்னனின் ஏழு என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதே கணக்கு. ஒரே வண்டியில் ஒரு பாகத்தின் தேதி மற்றவற்றுக்கு இரண்டு வருடம் பிந்தியிருந்தால், அது பின்னால் மாற்றியது என்று பொருள். கிளட்ச் பெடலின் ஒரு பக்கம் மட்டும் வெள்ளிபோல் தேய்ந்திருக்கிறது. ஓட்டியவர் காலைச் சாய்த்து வைத்திருக்கிறார். முன்மூடியின் ஓரத்தில் வேறு மஞ்சள், அதற்குக் கீழே ஓர் ஒடுக்கு. எங்கோ மோதி, டீலர் பெயிண்ட் கிடைக்காமல் கையில் இருந்ததை அடித்திருக்கிறார்கள். டாஷ்போர்டில் யாரோ ஒரு துளை போட்டு இன்னொரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். குளிர்கால மாலையில் பனி தள்ள விளக்குத் தேவைப்பட்டிருக்கும்.

இவ்வளவையும் எந்தப் புத்தகமும் எழுதாது. கம்பெனி வரலாறு முதலாளி பெயரை எழுதும், விற்பனை எண்ணை எழுதும். ஓட்டியவனின் இடது கால் அந்தப் பெடலில் மட்டும்தான் இருக்கிறது. மணல் வீசினால் அரை மணி நேரத்தில் எல்லாம் போய்விடும். முன்பு சொன்ன அந்த வண்ண டிராக்டர்களை எப்படி அடையாளம் காண்கிறார்கள் தெரியுமா? பின்னால் அடித்த பச்சைக்குக் கீழே, ஒரு போல்ட்டுக்கு அடியில், துளி ஆரஞ்சு ஒட்டியிருக்கும். முழுதாகச் சுரண்டியிருந்தால் அதுவும் தெரியாது.

மணல் வீச்சு நமக்குப் புதிதா? நம் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் தூணையும் சுவரையும் அப்படிச் சுத்தம் செய்து, எழுநூறு எண்ணூறு வருடக் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போனதைப் பார்த்திருக்கிறோம். அது கூடாது என்று பிறகு தடையும் வந்தது. செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பக்தியோடு, கோயில் பளிச்சென்று இருக்கட்டும் என்றுதான் செய்தார்கள். போன எழுத்து போனதுதான்.

மாப்பிள்ளையும் நானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். துரு ஓட்டையிட்ட அடித்தட்டுக்கு மட்டும் புதுத் தகடு, புதுப் பெயிண்ட். மற்றதெல்லாம் அப்படியே. எதைக் கழற்றினாலும் முதலில் படம், பிறகு நோட்டில் ஒரு வரி.

இனி சொந்தக்காரர்களுக்கு.

நம் தோட்டத்துக் கிணற்றடி எஞ்சின் ரூமை இந்தத் தை மாதம் இடித்துவிட்டு, ஆயில் எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போடப் போவதாகத் தம்பி சொன்னான். இடம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அது என்ன என்று தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனி 1930-ஐ ஒட்டி ஒரு டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது. இரண்டு பக்கமும் கனமான ஃப்ளைவீல். 6 குதிரைத்திறன் மாடல் நிமிடத்துக்கு 650 சுற்றுதான் சுற்றும். அந்த நிதானம்தான் அதன் ஆயுள். அதைப் பார்த்து நம் நாட்டில், முக்கியமாக ராஜ்கோட் பட்டறைகளில், அதே அமைப்பில் செய்து குவித்தார்கள். நம்முடையது அந்தச் சாதி எஞ்சின். கவலை இறைத்த மாடுகளுக்கு ஓய்வு கொடுத்தது அது. கரண்ட் மோட்டார் வரும்வரை நம்மைப் படிக்க வைத்ததும் அதுதான். இங்கிலாந்தில் இன்று இப்படிப்பட்ட எஞ்சின்களைத் துடைத்து, திருவிழாக்களுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஓட்டிக் காட்டுகிறார்கள்.

எஞ்சினைவிடப் பெரிய விஷயம் அந்த ரூமின் சுவர். கூட்டுக் கிணறு. யார் முறை எந்த நாள், எத்தனை மணி நேரம் எஞ்சின் ஓடியது, யார் டீசல் ஊற்றினார்கள் என்று அப்பா கரியால் எழுதிவைத்த கணக்கு அதில் இருக்கிறது. கதவுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு. பெரியப்பா வீட்டோடு பேச்சுவார்த்தை நின்ற அந்த வருடத்துக் கணக்கும் அதில் இருக்கிறது. அதனால்தான் அதைப் பற்றிப் பேசவே சிலருக்குச் சங்கடம் என்பது எனக்குத் தெரியும். சுவர் போய்விட்டால் சண்டையும் மறந்துபோகும் என்று நினைக்கலாம். சண்டை மறக்காது. யாருக்கு எவ்வளவு தண்ணீர் போனது என்ற உண்மை மட்டும்தான் மறையும். பிறகு அவரவர் வீட்டில் அவரவர் கதை. வரலாற்று வாத்தியார் வீட்டில் இது நடக்கலாமா?

ஆகவே கேட்பது இவ்வளவுதான். இடிக்குமுன் பகல் வெளிச்சத்தில் சுவர் முழுவதையும் ஓரத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். துடைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். எஞ்சினில் உள்ள தகட்டின் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறேன் என்று யாரும் ஹேண்டிலைப் போட்டு முறுக்க வேண்டாம். சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டுவிட்டு அப்படியே வையுங்கள். சுவர்ப் படங்களை இரு வீட்டுக்கும் அனுப்புங்கள். பெரியப்பா வீட்டுக்கு முதலில்.

பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்கள் யாராவது எஞ்சினை இறக்கி வைக்க ஓர் இடம் தந்தால், பழைய இரும்புக்காரர் தரும் விலையை நானே தம்பிக்குக் கொடுத்துவிடுகிறேன். ஏப்ரலில் ஊருக்கு வருகிறேன். பாயிண்ட் கேப் பார்க்கத் தெரிந்த கை, டீசல் எஞ்சினும் கற்றுக்கொள்ளும். பெயிண்ட் டப்பாவோடு மட்டும் யாரும் வந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று ஆசிரியர்